டிரம்முக்குக் கஞ்சி போட்ட கதை

வேட்டிக்குக் கஞ்சி போட்டவர்கள் உண்டு. புடவைக்கு, தலையணை உறைக்கு, கட்சிக்காரர்களின் தோள் துண்டுக்குக்கூடப் போட்டவர்கள் உண்டு. டிரம்முக்குக் கஞ்சி போட்டவன் எனக்குத் தெரிந்து இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து முன்னால் வாருங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.)

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்த பெரியப்பாவிடம் துணி கிழிக்கும் உத்தியோகம். கடைக்கு மேலேயே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. பகலில் கடை. சாயங்காலமானால், வாடிக்கையாளர் கேட்ட ரவிக்கைத் துணியைக்கூட அவசரமாக அளந்துவிட்டு, இராயப்பேட்டைக்குச் சைக்கிளில் பறப்பேன். அங்கேதான் கௌஸ் பாயின் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும்.

கௌஸ் பாய் அக்கார்டியன் வாசிப்பார். குழுவுக்குத் தலைவர், கணக்குப்பிள்ளை, சமையற்காரர் எல்லாம் அவரே. என் வேலை, கிலுகிலுப்பை ஆட்டுவது. அதற்கு மரியாதையான பெயர் மராக்கஸ். இரண்டு வருஷமாக அதை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரோட்னி என்ற ஆங்கிலோ இந்தியர் ராஜா மாதிரி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளுத்துக் கட்டுவார். ஊரே அவரைப் பார்க்கும். என்னைப் பார்ப்பவர்கள் "அந்தத் தம்பி எதுக்கு நிக்கிறான்?" என்று கேட்பார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று பெரியம்மா சொல்லுவாள். எனக்கு அந்த டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார வேண்டும். ரோட்னி பாட்டுக்கு நடுவே சிகரெட் பிடிக்கப் போகும் இடைவெளிகளில், ஆளில்லாத ஒத்திகை அறையில், நானாகத் தட்டித் தட்டிக் கொஞ்சம் வாசிக்கவும் பழகியிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் ரோட்னி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். தன் பழைய டிரம் செட்டைக் கௌஸ் பாயிடமே விட்டுவிட்டுப் போனார். கப்பலில் ஏற்றும் கூலிக்குக்கூட அது தேறாது என்று அவர் நினைத்திருக்கலாம். யுத்த காலத்துச் செட்டாம். ஏதோ ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு வாசித்தது. சுற்றிலும் சிவப்பு முத்துச்சிப்பி மாதிரி மினுங்கும் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். ஒரு காலத்தில் மினுங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டும். நான் பார்க்கும்போது அது வெடித்து, சுருண்டு, வெயில் காலத்து ஏரி மாதிரி இருந்தது.

கௌஸ் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா நைனா இது, நரி கடிச்ச மாதிரி கீது. தை மாசம் மைலாப்பூர்ல ரிசப்சன். பெரிய மனுசங்க வருவாங்க. இத்தெ எப்படி மேடையில வெக்கறது?"

அந்தக் கணத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "பாய், நான் புதுசா ஆக்கித் தர்றேன். எனக்கு இதெல்லாம் தெரியும்."

எனக்குத் தெரிந்தது துணி. மரம் தெரியாது, பசை தெரியாது. பெரியப்பா ஒரு வாக்கியம் அடிக்கடி சொல்லுவார்: "முழு முட்டாள நம்பிக் கடையில உக்கார வச்சுட்டுப் போவலாம்டே. அரை முட்டாள நம்பப்படாது. அவன் திரும்பி வாரதுக்குள்ள கடையத் திருத்தி வச்சிருப்பான்." அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஏன் என் பக்கம் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கௌஸ் பாய் யோசித்தார். அவருடைய மச்சான் சலீம் வேறு அந்த ஸ்டூலுக்குக் காத்திருந்தான். சொந்தமாக ஒரு ஜோடி குச்சியும், முன்நெற்றியில் விழும் முடியும் வைத்திருந்தான். (என்னிடம் இரண்டும் இல்லை. முடி அப்போதே பின்வாங்க ஆரம்பித்துவிட்டது.) கடைசியில் பாய் தீர்ப்புச் சொன்னார். செட்டைப் புதுசாக்கினால் மைலாப்பூர் ரிசப்ஷனில் நான் வாசிக்கலாம். நன்றாக வாசித்தால் ஸ்டூல் எனக்கே. சொதப்பினால் மறுநாளிலிருந்து சலீம், நான் பழையபடி கிலுகிலுப்பை.

டிரம்களைக் கைவண்டியில் ஏற்றி மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். பெரியப்பா படிக்கட்டில் வழி மறித்தார். எந்த வீட்டில் சாவு என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் இன்னும் துக்கமானார்.

வேலை பிரமாதமாகத்தான் தொடங்கியது. வளையங்களைக் கழற்றினேன். தோலைக் கழற்றினேன். திருகுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். எந்தத் திருகு எந்த டிரம்முக்கு என்று எழுதி வைக்க வேண்டும் என்பது டப்பாவை மூடிய பிறகுதான் தோன்றியது. பழைய பிளாஸ்டிக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். உள்ளே அருமையான மரம். அதன்மேல் காய்ந்து கிடந்த பழைய பசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரம் தேய்த்தேன். என் கைரேகையே அழிந்துவிட்டது, அந்த வாரத்தில் நான் ஏதாவது திருடியிருந்தால் போலீஸ் கண்டுபிடித்திருக்காது.

மரத்தை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் பாய்க்கு மினுக்கம் வேண்டும். முத்துச்சிப்பி பிளாஸ்டிக் இந்த ஊரில் கிடைக்காது. சீட் கவர் தைக்கும் கடைகளில் ரெக்ஸின் இருந்தது. பஸ் சீட்டுப் பச்சை, பஸ் சீட்டுப் பழுப்பு, இரண்டே நிறம். துண்டு வெட்டிக் காட்டினேன். டிக்கெட் யார் கிழிப்பது என்று பாய் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் எனக்கு ஞானம் வந்தது. எங்கள் கடையில் இல்லாத மினுக்கமா? வெளிர் ரோஜா நிறத்தில் சாட்டின் துணி இருந்தது, பாவாடைக்கு வாங்குவார்கள். அதைச் சுற்றி ஒட்டிவிட்டால்? மேலே ஜிகினாத் தூளும் தூவிவிட்டால்?

ஒட்டுவதற்கு ஆலோசகர் முனுசாமி. மந்தைவெளிக்காரர். விடியற்காலையில் எங்கள் பக்கத்துச் சுவர்களில் சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டு, எங்கள் கடையெதிரே டீ குடிப்பார். அவர் ஒட்டிய போஸ்டரைச் சுவரை இடித்தால்தான் எடுக்க முடியும் என்பது அந்த வட்டாரத்தில் பிரசித்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்த விடு சார், மைதா மாவு கிண்டு. கொதிக்கச்சொல்ல கொஞ்சம் மயில்துத்தம் போடு. போட்டுட்டா பூச்சி அரிக்காது, மாடு வாய் வெக்காது."

"மாடா? டிரம்ம எதுக்குங்க மாடு திங்கப் போவுது?"

முனுசாமி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "போஸ்டரு மட்டும் அதுக்கு அம்மா வச்ச சாப்பாடா? பசைக்கோசரம் துன்னுது சார்."

வீட்டில் பசை காய்ச்சினேன். நீலக் கல் மாதிரி இருக்கும் அந்த விஷத் துத்தத்தையும் வாங்கி வந்தேன். ஒரு சிட்டிகை போட்டுச் சாட்டின் ஓரத்தில் தடவிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் பச்சை பச்சையாகத் திட்டு. பாசி பிடித்த பாவாடை மாதிரி ஆகிவிட்டது. கல்யாண மேடைக்கு இது ஆகாது என்று முடிவு செய்து, துத்தப் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, சுத்தமான மைதாப் பசையை இரண்டு பூச்சுப் பூசித் துணியைச் சுற்றினேன். அழகாக உட்கார்ந்தது. என்ன, பளபளப்புக் கொஞ்சம் மட்டு.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த ஜவுளிக்காரன் விழித்துக்கொண்டான். துணி பளபளக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம். பெரியம்மாவிடம் போய் வடித்த கஞ்சியை ஒரு வாளி வாங்கினேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். டிரம்முக்கு என்றேன். அவள் ஊற்றினாள். கல் உப்புப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் புளித்துவிடும் என்று மட்டும் சொன்னாள். போட்டுக்கொண்டேன். தாராளமாகவே போட்டேன். மூன்று பூச்சு. ஈரம் காய்வதற்குள் ஜிகினாத் தூள்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் டிரம்கள் ஜொலித்தன. சாரை சாரையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு கூட வந்து பார்த்துவிட்டுப் போகும் அழகு என்று நினைத்துக்கொண்டேன். (இருபத்து மூன்று வயதில் மனிதன் எதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.)

கௌஸ் பாய் பார்த்தார். விரலால் சுண்டினார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், கல்யாணப் பொண்ணு மாதிரியே கீது நைனா" என்றார். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு கர்வம்.

ரிசப்ஷன் மைலாப்பூரில், குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகிய தெருவில். பெண் வீட்டு வாசலிலேயே தெருவை அடைத்துப் பந்தல். வாசல் கேட்டை ஒட்டி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு மேலே பலகை அடித்து மேடை. முழங்கால் உயரம்தான். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவில் ஆறு பேருக்குத்தான் இடம். ஆகவே பேஸ் டிரம்மை, அதாவது படுக்க வைத்துக் காலால் பெடலை மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய டிரம்மை, மேடையின் விளிம்பில் கேட்டுப் பக்கமாக வைத்தோம். துணியை நான் இணைத்த ஓரமும் அந்தப் பக்கமே அமைந்தது. இணைப்பு யார் கண்ணிலும் படாது என்று எனக்குத் திருப்தி.

முன்வரிசையில் சலீம் வந்து உட்கார்ந்திருந்தான். குச்சிகளைக் கையிலேயே வைத்திருந்தான்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். முதல் பாட்டு கடவுள் வாழ்த்து, அதில் எனக்கு அதிக வேலை இல்லை. இரண்டாவது பாட்டில் ஒரு உருட்டு உருட்டினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூன்றாவதில் கௌஸ் பாய் அக்கார்டியனை விரித்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சலீம் குச்சிகளைப் பைக்குள் வைத்துவிட்டான். ஸ்டூல் எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். மனசுக்குள் முன்நெற்றியில் முடிகூட வளர்ந்துவிட்டது.

நாலாவது பாட்டு துள்ளல் பாட்டு. பாதியில் பேஸ் டிரம்மின் சத்தம் மாறியது. "தும், தும்" என்று வந்துகொண்டிருந்தது, "தொப், தொப்" என்று வந்தது. பெடல் தளர்ந்துவிட்டது போலும் என்று பலமாக மிதித்தேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சூடாக, நீளமாக, வைக்கோல் வாசனையோடு.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பசு மேடை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, என் டிரம்மை நக்கிக்கொண்டிருந்தது. நான் உப்புத்தாள் போட்டு ஒரு வாரம் செய்த வேலையை அந்த நாக்கு ஒரு பாட்டுக்குள் செய்து முடித்திருந்தது.

இப்போது நிறுத்தினால் ஸ்டூல் போய்விடும். ஆகவே வாசித்துக்கொண்டே, வாயால் மட்டும் "ஹை, ஹை" என்றேன். பாடகர் அதைப் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்து அடுத்த வரியில் தானும் "ஹை" என்றார். கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது, அவர்களும் "ஹை" சொன்னார்கள். பசு அதைத் தனக்கு வந்த உற்சாகமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். துணியின் இணைப்பைக் கண்டுபிடித்துப் பல்லால் பற்றி இழுத்தது.

சாட்டின் வந்தது. பெரியப்பா கடையில் நான் வாடிக்கையாளருக்குத் துணிச் சுருளை விரித்துக் காட்டுவேனே, அந்த அழகில் வந்தது. ஒரு முழம், இரண்டு முழம். பிறகு வரவில்லை. ஏனென்றால் மீதித் துணியை நான் வளையத்துக்குள் இறுக்கித் திருகு போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்து அந்தச் செட்டில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். பசு ஒரு தலை உதறு உதறியது. பெடலைக் கவ்வியிருந்த திருகு தெறித்தது. டிரம் மேடையிலிருந்து இறங்கியது.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முன்னால் வெள்ளைப் பசு, வாயில் ரோஜா நிற சாட்டின். பின்னால் ஜிகினா மின்ன உருண்டு வரும் டிரம். நடுப்பந்தலில், நாற்காலிகளுக்கு இடையில், நிதானமாக, ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். டிரம் நேராகப் போய்ச் சலீமின் கால் கட்டைவிரல்மேல் ஏறி நின்றது.

என் கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. பெடலும் சாய்ந்துவிட்டது, மிதிப்பதற்கு அங்கே பலகைதான் மிச்சம். நான் அதையே மிதித்தேன். கீழே பெஞ்சுகளுக்கு நடுவே வெற்றிடம், மேலே பலகை. "தும், தும்" என்று கணீரென்று கேட்டது. பாட்டு நிற்கவில்லை.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணின் அம்மா ஓடி வந்தார். எங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமி நேரே பசுவிடம் போய் அதன் கழுத்தைத் தடவினார்.

"இன்னிக்கு உனக்குக் கஞ்சியே வெக்கலையேடி கோமளா. கல்யாண அமளியில மறந்தே போயிட்டேனே. பாவம், ஆறு மணிக்கு டாண்ணு எங்காத்து வாசல்ல வந்து நிக்குமே, பசியில எதையோ தின்னுண்டிருக்கு."

அப்போதுதான் விளங்கியது. தினமும் அதே நேரம், அதே கேட்டு, அதே உப்புப் போட்ட கஞ்சி. இன்றைக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் கஞ்சி வட்டமாக, ரோஜா நிறத்தில், மேளச் சத்தத்தோடு வைக்கப்பட்டிருந்தது. கோமளா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தன் பங்கைச் சாப்பிட வந்தாள். மாமி அவசரமாக வாளியில் கொண்டுவந்த கஞ்சியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. என் பக்குவம் அவளுக்குப் பிடித்துவிட்டது.

பிறகு பசுவின் சொந்தக்காரர் வந்தார். அதன் வாயிலிருந்து சாட்டினை, செப்படி வித்தைக்காரன் கைக்குட்டை உருவுவது போல, முழம் முழமாக உருவினார். உருவி முடித்துவிட்டு மேடைக்கு ஏறினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாட்டு தானாக முடிந்தது.

"யார்யா பசை போட்டது?"

மற்ற ஏழு பேரும் ஒற்றுமையாக என்னைக் காட்டினார்கள்.

"துத்தம் கலந்தியா?"

"இல்லீங்க. நெறம் மாறுதேன்னு போடலை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொயச்ச" என்றார். "கலந்துகினு இருந்தா மாடும் காலி, நீயும் காலி." இறங்கிப் போய்விட்டார். கலந்திருந்தால் மாடு வாயே வைத்திருக்காது என்று எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. அவருடைய கையின் அளவைப் பார்த்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கச்சேரி முடிந்ததும் கௌஸ் பாய் எங்களைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார். சலீம் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான். நான் ரோஜா நிறக் கந்தலும் டிரம்முமாக நின்றேன். எச்சில் வாசனை எங்களைச் சுற்றி வீசியது. என் வாய்தான் நிற்காதே, நான் பேசினேன். கிலுகிலுப்பைக்கே போய்விடுகிறேன், செட்டை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

பாய் சலீமிடம் திரும்பினார். "நாளைலேர்ந்து நீ ஒக்கார்றியா?"

சலீம் கட்டைவிரலைப் பார்த்தான். "வேணாம் மச்சான். வாசிக்கச்சொல்ல மாடு வருது."

பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"டிரம்ம வுட்ட. தாளத்த வுடல. அந்தப் பலகை சத்தம் இருக்கே நைனா, டிரம்மு கூட அப்படி பேசாது. நீயே ஒக்காரு." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஆனா ஒண்ணு. இனிமே உன்னெ பசை டப்பா கிட்ட பாத்தேன்னு வெச்சுக்க, அல்லா சத்தியமா மாடு கிட்டயே குடுத்துடுவேன்."

அப்படி எனக்கு ஸ்டூல் கிடைத்தது. போட்டியாளருக்கு மாட்டைக் கண்டால் பயம் என்பதால் கிடைத்த பதவி. ஆனாலும் பதவி பதவிதானே.

மூன்று நாள் காலையில் கோமளாவின் உடல்நலம் விசாரிக்கப் போனேன். மூன்றாம் நாள் சொந்தக்காரரே சிரித்துவிட்டார். மாடு நன்றாக இருக்கிறது, சாணி மட்டும் மினுங்குகிறது என்றார். மாமி வீட்டில் அந்தச் சாணியைக் கரைத்துத்தான் வாசல் தெளித்தார்கள். தை மாத வெயிலில் அந்த வாசல் இரண்டு நாள் ஜொலித்ததாம். கல்யாண வீடு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் கைவேலைக்குக் கிடைத்த ஒரே நல்ல பேர் அது.

செட்டைக் கௌஸ் பாய் ஒரு தச்சரிடம் கொடுத்து, துணியும் வேண்டாம் பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்று வெறும் மரத்துக்கே பாலிஷ் போட வைத்தார். அதில்தான் பதினாறு வருஷம் வாசித்தேன். ஆனால் பாய் மறக்கிற ஜாதி இல்லை. கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போது ஒரு காகிதம் அச்சடித்துக் கொடுப்பார். நேரத்துக்குச் சாப்பாடு, வண்டிக் கூலி, மின்சாரம் என்று வரிசையாக நிபந்தனைகள். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்: "மேடைக்கு இருபது அடிக்குள் பசு, எருமை, கன்று எதுவும் கட்டக் கூடாது. தினமும் வருகிற மாடாக இருந்தால் முன்கூட்டியே கஞ்சி வைத்துவிட வேண்டும்." படிப்பவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்பார்கள். பாய் எல்லாருக்கும் சொல்லுவார். சில பேர் கதை கேட்பதற்காகவே எங்களைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தக் காகிதம் ஒன்று, அடையாற்றில் ஒரு கல்யாண வீட்டில், என் வருங்கால மாமனார் கையில் கிடைத்தது. பாய் அவருக்கும் கதையைச் சொல்லி, மேடையில் என்னையும் காட்டியிருந்தார். பெண் பார்க்கப் போனபோது என்னைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். காபி கொண்டுவந்த பெண் தலை நிமிராமலே, "கோமளா சௌக்கியமா?" என்று கேட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். நாலாவது மாடியில், குளிர்சாதன மண்டபம். மேடையில் மெல்லிசை. நான் சம்பந்தியோடு முன்வரிசையில் பட்டுச் சட்டையும் கௌரவமுமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. சம்பந்தி ரொம்ப மரியாதைக்காரர், அதுவரை என்னிடம் உரக்கக்கூடப் பேசியதில்லை. மெல்ல என் காதருகே குனிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க பொண்ணுதான் கேக்கச் சொல்லிச்சு. கீழ லிஃப்ட்டுகிட்ட மாடு ஏறாம பாக்க ஆள் நிறுத்திட்டீங்கல்ல?"